காத்தான் சத்திர வெண்பா: யாப்பு பற்றிக் கேள்வி பதில்

15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர், நாகப்பட்டினத்துச் சத்திரம் ஒன்றில் சோற்றுக்குக் காத்திருந்து பாடியதாக வழங்கும் வெண்பா:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்றன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி யெழும்.

(பொருள்: நாகையில் காத்தானின் சத்திரத்தில் பொழுது சாயும்போதுதான் அரிசி வரும். அதைக் குத்தி உலையிலிடும்போது ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடும்.)

கேள்வி: ஐயா, 'கத்துகடல்' என்ற சீரின் அசைகள் நேர் நேர் நிரைதானே? நிரையில் முடியும் இந்த மூவசைக் கனிச்சீர் வெண்பாவில் வரலாமா?

பதில்: வராது. கத்/துக/டல் என்று பிரியுங்கள். 'துக' குறிலிணை (இரு குறில் சேர்ந்தது), நிரையசை. ஆகவே இது கனிச்சீர் அல்ல; நேர் நிரை நேர் என்று வரும் காய்ச்சீர், கூவிளங்காய். அடுத்த சீர் 'சூழ்' என்று நேரில் தொடங்குவதால் இரண்டுக்கும் நடுவே உள்ள தளை, அதாவது இணைப்பு, வெண்சீர் வெண்டளை. பாட்டு முழுக்கத் தளை தட்டவே இல்லை.

கேள்வி: ஒரு விகற்பமா (நான்கு அடிக்கும் ஒரே எதுகையா), இரு விகற்பமா?

பதில்: இரு விகற்ப நேரிசை, அதாவது இரண்டாம் அடியின் முடிவில் தனிச்சொல் வரும் வெண்பா. கத்து, அத்த, குத்தி ஓர் எதுகை. உலை, இலை வேறு எதுகை.

கேள்வி: அளவு சரிதான். ஆனால் கிண்டலுக்கும் யாப்புக்கும் என்ன தொடர்பு?

பதில்: எனக்கு இந்தப் பாட்டு பிடித்ததே அதனால்தான். தனிச்சொல்லைப் பாருங்கள். 'குத்தி' என்று வினை முடியாமல் அடி முடிகிறது. சத்திரத்தில் வேலையும் அப்படித்தான் இழுக்கிறது. அடுத்து 'உலையிலிட', 'இலையிலிட'. முதலெழுத்து நீங்கலாகச் சீர் முழுதும் ஒன்றும் தலையாகு எதுகை. காதுக்கு ஓரெழுத்து வித்தியாசம். பசித்தவனுக்கோ நடுவில் ஓர் இரவே கழிகிறது.

வரும், அடங்கும், எழும் என்று 'உம்' திரும்பத் திரும்ப வருவதையும் கவனியுங்கள். 'வந்தது, அடங்கியது' என்றிருந்தால் ஒருநாள் தாமதம். 'வரும்' என்றதால் தினமும் இதே கதை. 'அரிசிவரும்' முதல் 'ஊரடங்கும்' வரை நடுவே இரண்டு சீர். அங்கிருந்து 'எழும்' வரை நான்கு சீர். காத்திருப்பு நீள நீளப் பாட்டும் நீள்கிறது. கடைசியில் 'எழும்' என்று ஓரசையில் விடிந்துவிடுகிறது.

கேள்வி: இதையே புகழ்ச்சியாகவும் பொருள் சொன்னாராமே?

பதில்: அப்படித்தான் கதை. ஊரில் அரிசி அத்தமிக்கும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும். உலையிலிட்டால் ஊர்ப்பசி அடங்கும். இலையில் விழும் சோறு வெள்ளிபோல் வெளுத்திருக்கும். சீர் ஒன்றுகூட மாறவில்லை. அடங்குவது ஊரா, ஊர்ப்பசியா என்று வெளிப்படச் சொல்லாமல் விட்ட 'ஊரடங்கும்' இரண்டு பக்கமும் இடம் கொடுக்கிறது.

கேள்வி: தண்ணீர் மிகுந்த மோரைக் கேலி செய்யும் அவருடைய மோர்ப் பாட்டில் 'பேர் படைத்தாய்' மூன்று முறை வருகிறதே, அது என்ன அணி?

பதில்: வந்த சொல்லே அதே பொருளில் வருவதால் சொற்பொருள் பின்வருநிலை. கார் (மேகம்), நீர், மோர் என்று பெயர் மட்டும் மாறுகிறது. மூன்றாம் அடியில் அந்தத் தொடர் வராது. ஆய்ச்சியர் கைக்கு வந்த பிறகு என்று நிறுத்திவிட்டு, நான்காம் அடியில்தான் 'மோர் என்று' போடுகிறார். மோரில் தண்ணீர் என்று எங்குமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.