அறுபத்துமூன்று மாட்யூல்களும் கூடவே வர வேண்டுமா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் இணையதளம் பல ஆண்டுகளாக ட்ரூபல் என்ற தள மேலாண்மை மென்பொருளின் ஏழாம் பதிப்பில் (ட்ரூபல் 7) இயங்குகிறது; கூடுதல் வசதிகளுக்காக 63 மாட்யூல்கள் (துணை நிரல்கள்) நிறுவியிருக்கிறோம். ட்ரூபல் 11-க்கு மாற நினைத்தால், பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் புதிய பதிப்பே இல்லை. அவற்றைப் பணம் கொடுத்து எழுதி வாங்க வேண்டுமா?

பதில்: பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும் வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்றே முடிந்துவிட்டதால் மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் 2015-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு, சிம்ஃபனி என்ற பிஎச்பி நிரல்மொழிக் கட்டமைப்பின் பாகங்களைக் கொண்டு பெருமளவு மாற்றி எழுதப்பட்டது. எனவே ஏழில் ஓடிய மாட்யூல்களை அப்படியே புதிய பதிப்பில் ஓட்ட இயலாது. உங்களோடு வர வேண்டியவை உள்ளடக்கமும், தளம் உங்களுக்குச் செய்து தரும் வேலைகளும் மட்டுமே.

புதிய பதிப்பு இல்லை என்று நீங்கள் குறித்தவற்றில் சில, தேவை தீர்ந்துபோனதால் நின்றவையாக இருக்கலாம். வியூஸ், சிகேஎடிட்டர், தேதி, இணைப்பு, மின்னஞ்சல், என்டிட்டி ரெஃபரன்ஸ் ஆகிய மாட்யூல்களின் வசதிகள் எட்டாம் பதிப்பிலேயே கோருக்குள், அதாவது ட்ரூபலின் அடிப்படை மென்பொருளுக்குள், சேர்ந்துவிட்டன. வெப்ஃபார்ம், பாத்ஆட்டோ போன்றவை இன்றும் தனி மாட்யூல்களாகத் தொடர்கின்றன. இவற்றைக் கழித்தபின் மிஞ்சுபவற்றில், எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டு மறந்தவை எத்தனை என்று உங்கள் உறுப்பினர்களிடம் கேளுங்கள். அந்த எண்ணிக்கை உங்களையே வியக்கவைக்கும் என்பது என் ஊகம்.

மாற்று மாட்யூலைத் தேடும்போது எத்தனை தளங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்பதைவிட, அதன் அறிமுகப் பக்கத்தில் ட்ரூபல் பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பைக் காட்டும் கேடயக் குறி இருக்கிறதா, கடைசி வெளியீடு எப்போது வந்தது, பிழை அறிக்கைகளுக்குப் பராமரிப்பாளர் பதில் சொல்கிறாரா என்பவற்றையே நான் முதலில் பார்ப்பேன்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. ஏழாம் பதிப்பில் ஒரு மாட்யூலின் தரவை அழிக்காமல் அதை முடக்கிவைக்க முடிந்தது. எட்டிலிருந்து அந்த வசதி இல்லை, நீக்கினால் அதன் அமைப்புகளும் தரவும் சேர்ந்தே போய்விடும். ஆகவே எதையும் முதலில் தளத்தின் நகலில் செய்து பாருங்கள். பக்கத்துக்குள் எழுதிய பிஎச்பி நிரலை இயக்கும் பிஎச்பி ஃபில்டர் மாட்யூலை நம்பி உள்ளடக்கத்துக்குள்ளேயே நிரல் எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபில்டர் எட்டாம் பதிப்பிலேயே கோரிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பணம் கொடுத்து எழுதி வாங்க வேண்டிய வேலை ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.