அம்மாவுக்கும் சித்திக்கும் வந்தது எனக்கும் வருமா?

திருமங்கலம் சகோதரிக்கு,

அம்மாவுக்கு 44 வயதில், சித்திக்கு 39 வயதில் மார்பகப் புற்றுநோய். உங்களுக்கு 33, ஸ்கேனில் ஒன்றுமில்லை. பிறகு மரபணுப் பரிசோதனை எதற்கு, பணம் பறிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. என் அக்காவுடன் இதே வழியில் அலைந்தவள் சொல்கிறேன்.

ஸ்கேன் இன்றைய நிலையைத்தான் காட்டும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ 1, 2 மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் பிறவியிலேயே கோளாறு இருந்தால், 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது நோய் கண்ட அம்மாவை. அவரிடம் கோளாறு தெரிந்தால், உங்களுக்கு மரபணுவில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பணத்தை இறைத்த பிறகே தெரிந்தது.

கோளாறு உறுதியானால் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இரண்டும் எடுக்கச் சொல்வார்கள். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் மட்டும் எடுத்தால் கட்டி தெரியாமல் போய்விடக்கூடும். நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால், இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருக்கிறதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அது கூடாது. மார்பகத்தை முன்கூட்டியே அகற்றுவது அபாயத்தைப் பெருமளவு குறைக்கும்தான், ஆனால் மாமியாரும் நாத்தனாரும் கூடி ஒரே இரவில் முடிவெடுக்கும் விஷயமல்ல அது.

அம்மாவின் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையுடன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவிலும் ஒருமுறை கேளுங்கள். அப்பா வழி அத்தைமாரின் நோய் விவரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்; அந்த வழியிலும் இந்தக் கோளாறு வரும்.