பருவுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை: முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேட்டது: "ரங்கூனில் இருக்கிறேன், வயது 23. தாடையோரப் பரு போகவே மாட்டேன் என்கிறது. மருந்துக்கடையில் கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்தார்கள். கல்யாணம் ஆகாதவள் சாப்பிடலாமா?"

சாப்பிடலாம், தங்கச்சி. கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் பிள்ளை பிறக்காது என்று பெரியம்மாக்கள் சொல்வதும் தவறு. நிறுத்தினால் கருமுட்டை வழக்கம்போல வரும். கடைக்காரர் கொடுத்தது எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி.

அட்டையில் எதினைல் எஸ்ட்ராடையால் என்று இருக்கிறதா பாருங்கள். அது எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகை, கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டுகிறது. ரத்தத்தில் கட்டில்லாமல் திரியும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சினைப்பையில் சுரப்பதும் குறைகிறது. முகத்தில் எண்ணெய் வடிவது குறைவது இப்படித்தான். கூடவே டிரோஸ்பைரினோன் 3 மி.கி. அல்லது சைப்ரோட்டரோன் 2 மி.கி. இருந்தால், அதுவும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி. கலந்த சாதாரண மாத்திரையை மட்டமாக நினைக்காதீர்கள். அதுவும் பருவைக் குறைக்கும், ரத்தக்கட்டி ஆபத்தும் அதில் குறைவு: ஆண்டுக்கு 10,000 பேரில் 5 முதல் 7 பேருக்கு. டிரோஸ்பைரினோனில் 9 முதல் 12. மாத்திரையே எடுக்காதவர்களில் சுமார் 2. பயமுறுத்தச் சொல்லவில்லை, கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எஸ்ட்ரோஜன் இல்லாதது பருவுக்கு உதவாது. பர்மாவில் அதிகம் பேர் போட்டுக்கொள்ளும் மூன்று மாத ஊசியும், கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் சிலருக்குப் பருவைக் கிளப்பியே விடும். கர்ப்பத்தடைக்கு அவை நல்ல முறைகள், அதில் எனக்கு மறுப்பில்லை. 1.5 மி.கி. அவசரக் கர்ப்பத்தடை மாத்திரையைப் பருவுக்காகத் தொடவே வேண்டாம்.

முதல் மாத்திரைக்கு முன் பிரஷர் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேண்டாம். கண்முன் மின்னி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு வந்த ரத்தக்கட்டி, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், 35 வயதுக்கு மேல் சிகரெட் பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் இந்த மாத்திரை வேலை செய்யாது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் முடியும் வளர்ந்தால் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையை முதலில் எடுங்கள். மாத்திரை தொடங்கிவிட்டால் அளவு சரியாகத் தெரியாது.

மாதவிடாயின் முதல் நாள் தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே நேரத்தில் தினம் ஒன்று. குமட்டல் அப்போதுதான் குறையும். 21 மாத்திரை அட்டை என்றால் 7 நாள் இடைவெளி, எட்டாம் நாள் புது அட்டை. 28 என்றால் இடைவெளியே கிடையாது. ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், அன்று இரண்டு ஆனாலும் பரவாயில்லை. முதல் மாதங்களில் இடையிடையே ரத்தம் படும். பரு குறைய 3 மாதம், முழுப் பலனுக்கு 6 மாதம். பலர் ஆறாவது வாரத்திலேயே "பலிக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். இரவில் பருவுக்குப் பூசும் அடாபலீன் 0.1% ஜெல்லைப் பட்டாணி அளவு முகம் முழுக்கத் தடவினால் சீக்கிரம் அடங்கும். கர்ப்பத்தில் மட்டும் கூடாது. எஸ்ட்ரோஜனால் மங்கு வரலாம், அதனால் தனக்கா (பர்மிய மரப்பட்டைச் சாந்து) பூசினாலும் சன்ஸ்கிரீன் வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், பார்வை மங்கினால் அன்றே ஆஸ்பத்திரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு கேட்கவில்லை. என்ன கலந்தது என்று எழுதாத வெள்ளையாக்கும் கிரீம்களைச் சந்தையில் அடுக்கி விற்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் அதுவே ஒரே மாதிரிச் சின்னச் சின்னப் பருவை வரவழைக்கும். அதற்கு இந்த மாத்திரை பலிக்காது. அப்படி ஒன்று பூசிக்கொண்டிருந்தால் டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள். சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.