மாமியாரின் நடனப் பெட்டிகள்: யாரிடம் கொடுப்பது, யாரை வாசலோடு அனுப்புவது?

கேள்வி: பிலடெல்பியாவில் வசிக்கிறேன். என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவருடைய அம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு பாலே, டாப், ஜாஸ் நடனம் சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் காலமானார்; மாமனார் இருக்கிறார். வீட்டை விற்கப் போகிறோம். பேஸ்மென்ட்டில் பதினாறு பெட்டிகள் இருக்கின்றன: ஆண்டுவிழா நிகழ்ச்சித் தாள்கள், புகைப்படங்கள், வி.எச்.எஸ். கேசட்டுகள், மாமனார் எடுத்த 8 மில்லிமீட்டர் பிலிம் சுருள்கள், மாமியாரின் நோட்டுகள், உடைகள். புகைப்படங்களுக்கு மட்டும் ஆயிரம் டாலர் தருவதாக ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுத் தருகிறோம் என்கிறது ஒரு கடை. மாமியார் புகழ்பெற்றவர் இல்லை. ஆவணக்காப்பகம் எதுவும் இதை வாங்கிக்கொள்ளுமா? கொடுத்தால் எங்கள் உரிமை போய்விடுமா? வரிச் சலுகை உண்டா?

பதில்: முதல் வேலையாக அந்த ஆயிரம் டாலர்காரருக்கு "இப்போதைக்கு விற்பதாக இல்லை" என்று ஒரு வரி அனுப்புங்கள். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை.

வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் இந்தத் தரகர்கள் வந்துவிடுவார்கள். பெட்டியைக் கிளறி, தெரிந்த முகம் இருக்கும் படங்களாகப் பார்த்து இருபதைப் பொறுக்குவார்கள். அவை ஒவ்வொன்றாக ஈபேயில் போகும், மிச்சம் குப்பைக்கு. ஒரு படம் அந்த வருட நிகழ்ச்சித் தாளோடு ஒரே பெட்டியில் இருக்கும்வரை, இரண்டாம் வரிசையில் நிற்கும் சிறுமி யார் என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பிரித்து விற்றபின் அது வெறும் "பாலே உடையில் ஒரு கறுப்பினச் சிறுமி". அவளுக்குப் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது.

அடுத்து, "புகழ்பெற்றவர் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் ஊரின் நடன வரலாறு தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டீர்கள். வெள்ளையர் நடத்திய பாலே வகுப்புகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத காலத்தில், பிலடெல்பியாவில் கறுப்பினப் பெண்களே பள்ளிகள் நடத்தினார்கள். எஸ்ஸி மேரி டோர்சி அவர்களில் முன்னோடி. அவரிடம் பயின்ற சிட்னி கிங்கும் மரியன் குயேயும் பிறகு தனித்தனியே பள்ளி நடத்தினார்கள். குயே 1948இல் தொடங்கிய ஜூடிமார் பள்ளியில் படித்த சிறுமிதான் ஜூடித் ஜேமிசன். புகழ்பெற்ற நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லி 1989இல் இறந்தபின் அவருடைய குழுவைத் தலைமையேற்று நடத்தியவர். சிட்னி கிங்கிடம் படித்த ஜோன் மயர்ஸ் பிரவுன் 1960இல் தன் பள்ளியையும், 1970இல் பிலடான்கோ நடனக் குழுவையும் தொடங்கினார். இவ்வளவும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடைகளிலிருந்து வந்தது. எந்த வருடம், எந்த மண்டபம், யார் யார் ஆடினார்கள், பின்பக்கத்தில் எந்த அழகுநிலையம் விளம்பரம் கொடுத்தது என்பதெல்லாம் அந்த நிகழ்ச்சித் தாளில்தான் இருக்கிறது. பத்திரிகைகளில் இவ்வளவு விவரம் கிடைக்காது.

வீட்டுப் படம் என்று பிலிம் சுருள்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். டாப் நடனத்தில் பெயர்பெற்ற நிக்கலஸ் சகோதரர்கள் 1930களிலும் 40களிலும் எடுத்த குடும்பப் படங்கள் 2011இல், பாதுகாக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். பேஸ்மென்ட்டிலிருந்து இந்த வாரமே மேலே ஏற்றுங்கள். பரணும் வேண்டாம், அங்கே வெயில் வேகவைத்துவிடும். வீட்டுக்குள் மனிதர் இருக்கும் அறை போதும். கேசட்டுகளைப் புத்தகம்போல் நிற்கவைத்து அடுக்குங்கள். ஆசைப்பட்டுப் பழைய வி.சி.ஆரில் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தில் கிடந்த டேப் முதல் ஓட்டத்திலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டதால், ஓட்டும் கருவியே அருகிவருகிறது. ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இடது ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்து எடுத்துவிட்டால் தவறிக்கூட அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. பிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அந்தச் சுருள் அழியத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். எதையும் புரொஜெக்டரில் ஓட்ட வேண்டாம்.

பென் டிரைவ் கடை இரண்டாவது பொறி. அவர்கள் தருவது பெரும்பாலும் சுருக்கிய கோப்பு. கைபேசியில் பார்க்க நன்றாக இருக்கும், ஆவணத்துக்கு ஆகாது. தரம் குறையாத மூலக்கோப்பு ஒன்று, பார்ப்பதற்கு எம்.பி.4 ஒன்று, இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். "பழைய டேப்புகளை நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்" என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டுப் பிறகு அழுதவர்கள் உண்டு. அசலைத் தூக்கிப் போடவே கூடாது.

இனி, யாரிடம் கொடுப்பது. நடன உலகின் பெரிய பெயர்களுக்கு இடம் எளிதில் கிடைத்துவிடுகிறது: ஆர்தர் மிட்செலின் ஆவணங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பேர்ல் பிரைமஸின் சேகரிப்பு டியூக் பல்கலைக்கழகத்தில், எய்லி குழுவினுடையது வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில். உங்கள் மாமியாருக்கு நான் முதலில் சொல்வது உள்ளூர் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பிளாக்சன் ஆப்பிரிக்க அமெரிக்கச் சேகரிப்பு. அடுத்தது நியூயார்க் பொது நூலகத்தின் இரண்டு பிரிவுகள்: 1944இல் தொடங்கி இப்போது லிங்கன் சென்டரில் இயங்கும் நடனப் பிரிவும், ஹார்லெமில் உள்ள, கறுப்பினப் பண்பாட்டு ஆய்வுக்கான ஷோம்பர்க் மையமும். பிலிம் சுருள்களுக்கு மட்டும், வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தையும் கேளுங்கள். வீட்டுப் படங்களை இலவசமாக டிஜிட்டலாக்கி, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தரும் திட்டம் அவர்களுடையது.

எங்கே கொடுத்தாலும் சேர்த்தே கொடுங்கள். நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாமின் ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்தில் கொஞ்சம், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம், செயின்ட் லூயிஸில் மிசௌரி வரலாற்றுச் சங்கத்தில் கொஞ்சம் என்று கிடக்கின்றன. அவரைப் பற்றி ஆராய்பவர் மூன்று ஊர் அலைய வேண்டும். டன்ஹாமுக்காக அலைவார்கள், உங்கள் மாமியாருக்காக யாரும் அலையப் போவதில்லை.

பெரிய பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். விழா வைத்து, கைகுலுக்கி வாங்கிக்கொண்ட பெட்டிகளைப் பட்டியல்கூடப் போடாமல் வருடக்கணக்கில் வெளியூர்க் கிடங்கில் போட்டு வைத்த பல்கலைக்கழகத்தை எனக்குத் தெரியும். கேட்டால் நிதி இல்லை, ஆள் இல்லை என்பார்கள். கண்காட்சிக்கு மட்டும் இரண்டும் எங்கிருந்தோ வந்துவிடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டியல் எப்போது தயாராகும்? எங்கள் குடும்பத்தினர் வந்து பார்க்க முடியுமா? மழுப்பினால் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

உரிமை விஷயம். கொடைப் பத்திரத்தில் பொருளும் பதிப்புரிமையும் தனித்தனி. பொருளைக் கொடுத்துவிட்டு, பதிப்புரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு, பயன்படுத்த அனுமதி மட்டும் தரலாம். அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டூடியோக்காரர் எடுத்த படங்களும் கேசட்டில் ஒலிக்கும் பாட்டும் உங்களுடையவை அல்ல, அதைக் காப்பகம் பார்த்துக்கொள்ளும்.

வரிச் சலுகையில் உங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். மாமியாரிடமிருந்து வாரிசாக வந்த பொருட்களைக் கொடையளித்தால் சந்தை மதிப்புக்கு வருமான வரியில் கழிவு கேட்கலாம். 5,000 டாலருக்கு மேல் போனால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். வாங்கிக்கொள்ளும் காப்பகமே மதிப்புப் போடக்கூடாது. ஆனால் பிலிம் சுருள்களை எடுத்தவர் மாமனார், அவர் உயிரோடிருக்கிறார். தன் படைப்பைத் தானே கொடுப்பவருக்குச் சந்தை மதிப்பு கிடையாது; அன்றைக்குப் பிலிம் வாங்கிய செலவு மட்டும்தான் கழிவு. 1969இல் கொண்டுவந்த விதி இது. சரி, அவர் முதலில் மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, பிறகு மகன் காப்பகத்துக்குக் கொடுத்தால்? அப்போதும் அதே விதிதான், அன்பளிப்போடு கூடவே வரும். இதைச் சுற்றிப்போக வழி இருக்கிறது, சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று கட்டணம் கேட்கும் மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். கலைஞர் செத்தால்தான் அவர் படைப்புக்கு மதிப்பு என்று ஒரு நாடு சட்டம் எழுதி வைத்திருக்கிறது, என்ன சொல்வது! ஆகவே சுருள்களை வரிக்காக வேண்டாம், வரலாற்றுக்காகக் கொடுங்கள். அவற்றின் பதிப்புரிமையும் மாமனாருடையது என்பதால் பத்திரத்தில் அவர் கையெழுத்து கட்டாயம்.

கையெழுத்தை விட அவசரம் அவருடைய ஞாபகம். பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேரையும் அழைத்து, ஆல்பத்தை மேசைமேல் விரித்து, பக்கம் பக்கமாகப் பெயர் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மென்மையான பென்சில் போதும். பெட்டியில் இருக்கும் வரிசையையும் மாற்றாதீர்கள். அதை அடுக்கியவர் மாமியார், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

உடைகளைப் பெரும்பாலான காப்பகங்கள் எடுக்காது. எல்லாவற்றையும் படம் எடுத்து, எந்த வருடம், எந்த நடனம் என்று குறித்து அந்தப் படங்களைப் பெட்டியில் போடுங்கள். மாமியாரே தைத்தது ஒன்றிரண்டு இருந்தால் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். மற்றவற்றை அந்த மாணவிகள் வரும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.