இரு கட்சிகள், இரு தீர்ப்புகள்: முரண்பாடு உண்டா?

துருக்கி ஒரு கட்சியைக் கலைத்தது தவறு, இன்னொன்றைக் கலைத்தது சரி என்று ஒரே நீதிமன்றம் சொன்னது முரண்பாடல்லவா, பின்னது மதக் கட்சி என்பதாலா என்று கேட்டிருந்தீர்கள். முரண்பாடு இல்லை. துருக்கியின் ஐக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைத்தது உரிமை மீறல் என்று 1998இல் சொன்ன ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அந்நாட்டின் இசுலாமியச் சார்புடைய ரெஃபா கட்சியைக் கலைத்ததை 2003இல் ஏற்றபோது, நீங்கள் ஐயுறுவதுபோல் மதக் கட்சிக்கென்று தனித் தராசு எதையும் எடுக்கவில்லை. கட்சியின் வழிமுறையும் அது நாடும் மாற்றமும் சனநாயகத்தின் அடிப்படைகளோடு பொருந்துகின்றனவா என்பதே இரண்டிலும் கேள்வி.

தீர்ப்புச் சுருக்கத்தை மட்டும் படித்ததால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். இரு தீர்ப்புகளிலும் வழக்கு விவரப் பகுதியை அருகருகே வைத்துப் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சி 1990 சூன் 4இல் உருவானது. கலைக்கக் கோரும் மனு சூன் 14இலேயே தாக்கலாயிற்று. பத்து நாள் வயதுடைய கட்சியில் எடைபோடுவதற்குப் பெயரையும் செயல்திட்டத்தையும் தவிர வேறென்ன இருந்திருக்கும்? ரெஃபாவோ 1996 முதல் கூட்டணி ஆட்சியை நடத்திய கட்சி. மதத்துக்கொரு சட்டமுறை வேண்டும் என்றும், வன்முறையை மறுக்காமலும் அதன் தலைவர்கள் பேசிய பேச்சுகள் சான்றாயின. சனநாயகத்துக்கு ஆபத்து அவ்வளவு நெருங்கிவிட்டதா என்பதில் மட்டும் எனக்கும் நிறைவில்லை.

இந்த அளவுகோலை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். அது வேறு நீதிமன்றம்; ஒன்றிய உடன்படிக்கையில் விழுமியங்களையும் பிரதிநிதித்துவ சனநாயகத்தையும் பற்றிய 2, 10ஆம் உறுப்புகளிலிருந்து சனநாயகத்துக்குப் பொருள் காண்கிறது.