கண்ணாடி துடைக்கும் லைனை விற்கிறேன், எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: அலுவலகங்கள், கடைகள், ஒரு பெரிய வணிக வளாகம் என்று பல இடங்களில் முறை வைத்துக் கண்ணாடி சுத்தம் செய்கிறேன். தோள்பட்டை வலியால் இனி முடியாது, லைனை அப்படியே விற்கப் பார்க்கிறேன். ஒருவர் மாத பில்லை ஆறால் பெருக்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், எழுத்தில் எதுவும் இல்லாத வாடிக்கைக்கு எதற்குப் பணம் என்கிறார். வருமானத்தில் பாதி அந்த வளாகத்திலிருந்து வருகிறது, எழுத்து ஒப்பந்தமும் அங்கே மட்டும்தான். என்ன விலை நியாயம்?

பதில்: இரண்டாவது ஆள் பேரத்துக்காகப் பேசுகிறார். எழுத்தில் இல்லாத வாடிக்கைக்கும் மதிப்பு உண்டு, குட்வில்லை, அதாவது தொழில் சம்பாதித்த நற்பெயரையும் வாடிக்கையையும், சட்டம் ஒரு சொத்தாகவே பார்க்கிறது. அதற்காக முதல் ஆளின் பெருக்கல் கணக்கையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் போன பிறகும் யார் யார் தொடர்ந்து பில் கட்டுவார்கள் என்பதற்குத்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார், உங்களுக்கோ பாதி வருமானம் ஒரே ஆளின் கையில் இருக்கிறது.

அதனால் முதலில் வளாகத்தின் ஒப்பந்தத்தை எடுத்து, வேறொருவருக்கு மாற்றித் தருவது பற்றியும் நோட்டீஸ் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்தியா, பிரிட்டன் இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: உங்களுக்கு வர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் தடுக்காதவரை, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். செய்ய வேண்டிய வேலையையும் அதன் பொறுப்பையும் அப்படி இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டு விலக முடியாது, வளாகத்தின் சம்மதம் வேண்டும். மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியதை வைப்பதுதான் சரியான வழி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இல் 62ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. நோட்டீஸையும் மறக்காதீர்கள்: மூன்று வருட ஒப்பந்தம் என்று பெருமையாகச் சொல்வோம், ஆனால் காரணமே சொல்லாமல் 30 நாள் நோட்டீஸில் முடிக்கலாம் என்று உள்ளே இருந்தால் உறுதியான வருமானம் அந்த 30 நாளுக்குத்தான்.

நீங்கள் தொழிலை ஒரு கம்பெனியாகப் பதிவு செய்து, ஒப்பந்தமும் கம்பெனி பெயரில் இருந்தால் கதை வேறு. பங்குகளை விற்றால் ஒப்பந்தம் இருந்த இடத்திலேயே இருக்கும், உரிமையாளர் மாறினால் ரத்து செய்யலாம் என்ற ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பாக்கி, வரி, நஷ்டஈட்டு வழக்கு எல்லாம் கம்பெனியோடு சேர்ந்தே போகும் என்பதால் வாங்குபவர் உங்களிடம் உத்தரவாதம் கேட்பார்.

இப்போது கணக்கு. பில் தொகையை ஓரமாக வைத்துவிட்டு லாபத்தைப் பாருங்கள். கூலி, வண்டி, சுத்த நீர் ஃபில்டர், இன்சூரன்ஸ் எல்லாம் கழித்த பிறகு, நீங்களே ஏறித் துடைக்கும் வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் என்ன சம்பளமோ அதையும் கழிக்க வேண்டும். விற்கிறவர்கள் அனேகமாக எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். அப்புறம் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக எடைபோடுங்கள்: ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் நாலு கடைகள், ஊரின் நாலு மூலையில் இருக்கும் நாலு கடைகளைவிட மதிப்புள்ளவை. தரையில் நின்று நீளக் கம்பால் முடிக்கிற வேலையை வாங்கப் பலர் வருவார்கள், கயிற்றில் தொங்கிச் செய்கிற வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்பதால் சிலர்தான். பணமாக வாங்கிக் கணக்கில் காட்டாத வருமானத்துக்கு விலை எதிர்பார்க்காதீர்கள். அதை நிரூபிக்க உங்களால் முடியாது, நிரூபித்தால் வரித்துறைக்கும் சேர்த்து நிரூபித்தது ஆகிவிடும். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி விற்றால், பொய்த் தகவல் தந்தார் என்று வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ நஷ்டஈடு கேட்கவோ முடியும். அதனால் வங்கிக் கணக்கில் ஏறிய தொகையை மட்டும் காட்டுங்கள்.

ஆறா, நாலா என்ற எண்ணைவிடப் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது முக்கியம். ஒரு பகுதி கையெழுத்தின்போது, மீதி அடுத்த 3 முதல் 6 மாதங்களில் வாடிக்கையாளர்கள் நிலைத்தால் என்று வாங்குபவர் கேட்பார், அது நியாயமான கோரிக்கைதான். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் மாதத் தொகையையும் ஒப்பந்தத்தோடு இணைத்து, யார் போனால் எவ்வளவு கழியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் வேலை சரியில்லாமல் போன வாடிக்கை, அவர் கட்டணத்தை ஏற்றியதால் போன வாடிக்கை இரண்டும் உங்கள் பணத்தில் கழியக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இந்த ஒரு வரி இல்லாததால் வரும் சண்டைதான் அதிகம். விற்பதற்கு முந்தைய மாத பாக்கி யாருக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஷரத்து கட்டாயம் வரும். இந்தியாவில் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, ஆனால் குட்வில்லை விற்பவருக்கு, குறிப்பிட்ட பகுதிக்குள், நியாயமான அளவில் தடை போடலாம் என்று அதே பிரிவு விலக்கு தருகிறது. பிரிட்டனிலும் நியாயமான பரப்பு, காலம் என்பதுதான் அளவுகோல். தோள் சரியானதும் மச்சான் பெயரில் தொடங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நேரடியாகவோ மறைமுகமாகவோ என்ற வார்த்தைகளை அதற்காகத்தான் போடுகிறார்கள். வேலையாட்கள் இருந்தால் அவர்கள் நிலை பற்றித் தனியாக விசாரியுங்கள்: பிரிட்டனில் தொழில் கைமாறும்போது வேலையாட்களைக் காக்கும் 2006 விதிகளின்படி (TUPE) பெரும்பாலும் அதே நிபந்தனைகளோடு புது முதலாளியிடம் போய்விடுவார்கள், எல்லா நாட்டிலும் அப்படியில்லை.

வளாகத்திடம் எப்போது சொல்வது? சீக்கிரம் சொன்னால் அவர்கள் வேறு ஆளிடம் கொட்டேஷன் கேட்கலாம், சொல்லாமலே விற்றால் சம்மதம் இருக்காது. எனவே வாங்குபவரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்கிய பிறகு மட்டும் பெயர்ப் பட்டியலைக் காட்டி, வளாகம் சம்மதித்தால்தான் முழு லைனின் விற்பனை முடியும், மறுத்தால் மீதி லைன் மட்டும் இன்ன விலைக்கு என்று இரண்டு விலையோடு கையெழுத்துப் போட்டுக்கொண்டு, இருவருமாக வளாகத்தைப் போய்ப் பாருங்கள். அவர்கள் மறுத்தால், ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்க வாங்குபவர் துணை ஒப்பந்தக்காரராக வேலை செய்யலாம், உங்கள் ஒப்பந்தம் அதை அனுமதித்தால் மட்டும். அப்போது அவர் ஒரு கண்ணாடியை உடைத்தாலும் வளாகம் உங்களைத்தான் கேட்கும் என்பதால், அவருடைய இன்சூரன்ஸ் நகலை வாங்கிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.