மத்தியஸ்தருக்கு ஒரு பகிடிப் பிரியாவிடை

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் ஒரு பிரியாவிடை. நாற்பது வருசத்துக்குக் கிட்ட உதைபந்தாட்ட மத்தியஸ்தராக நின்றவர் ஓய்வு பெறுகிறார். தலைவரின் பேச்சு மூன்று நிமிடம் தாண்டியதும் ஒரு பொடியன் ஓடிவந்து மஞ்சள் அட்டை காட்டினான். ஐந்து நிமிடமானதும் சிவப்பு. பொன்னாடை போர்த்தும் நேரம் இன்னொருவன் கொடியைத் தூக்கி “ஓஃப் சைட்” என்று நிறுத்திவிட்டான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மத்தியஸ்தரும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் “மனிசனைக் கேவலப்படுத்துறாங்கள்” என்று எழும்பிப் போய்விட்டார். பிறகு மழை பிடித்து, மத்தியஸ்தர் பேசாமலே கூட்டம் கலைந்தது. நானும் சிரித்தவன்தான். வீட்டுக்கு வந்தபின் மனம் கேட்கவில்லை. ஒருவரைப் பகிடி பண்ணி வழியனுப்பலாமா?

வடமராட்சியில் இருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழியனுப்பலாம். நான் அங்கு இருந்திருந்தால் அந்தப் பொடியளைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

எங்கள் பிரியாவிடைகளை யோசித்துப் பாருங்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சட்டம் போட்ட வாழ்த்துப்பா. அந்த வாழ்த்துப்பாவில் பெயரை மட்டும் மாற்றினால் அதிபருக்கும் பொருந்தும், தபாலதிபருக்கும் பொருந்தும். உங்கள் பொடியள் செய்த பகிடியை வேறு ஆருக்கும் செய்ய ஏலாது. அது அவருக்கென்றே தைத்த சட்டை.

அந்த அட்டைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஆர்ஜென்டீனா அணித்தலைவர் ரட்டினை வெளியே போகச் சொன்னார் ஜெர்மன் மத்தியஸ்தர். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. ரட்டின் போக மறுத்து நின்றார், ஆட்டமும் நின்றது. அந்தக் குழப்பத்தைக் கண்ட கென் அஸ்டன் என்ற ஆங்கிலேய மத்தியஸ்தர், வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970இல் மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அவை வந்தன. எவருக்கும் மொழியில்லாமல் விளங்குகிற சாமான். உங்கள் தலைவருக்கும் உடனே விளங்கியிருக்கும்!

கிரிக்கெட்டில் டிக்கி பேர்ட் என்று ஒரு நடுவர் இருந்தார். கண்டிப்பானவர், ஆனால் ஆட்டக்காரர்கள் அவரோடு விளையாடாத விளையாட்டில்லை. துடுப்பெடுத்தாட வந்த இங்கிலாந்து வீரர் அலன் லாம்ப் தன் கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்து வைக்க, ஆட்டத்தின் நடுவில் அது அலறியது. பேர்ட் எடுத்தால், மறுமுனையில் லாம்பின் சக வீரர் இயன் பொத்தம். 1996 ஜூனில் லோர்ட்ஸில் இங்கிலாந்தும் இந்தியாவும் மோதியதே அவருடைய கடைசி டெஸ்ட். இரு அணிகளும் வரிசையாக நின்று கைதட்ட, அழுதபடி மைதானத்துக்குள் வந்தார். அழுத கண் காய முதல், முதல் ஓவரிலேயே இங்கிலாந்து அணித்தலைவர் மைக் அதர்டனுக்கு எல்பிடபிள்யூ கொடுத்து அனுப்பினார். இந்தியாவின் ஸ்ரீநாத்தின் பந்து. அதர்டன் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. இதை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும். பின்னாளில் சொந்த ஊரான பார்ன்ஸ்லியில், விரலை உயர்த்தியபடி நிற்கும் அவருடைய சிலையை வைத்தார்கள். ஊர்ச்சனம் அந்த விரலில் உள்ளாடையைக் கூடக் கொழுவத் தொடங்க, சிலையை உயரமான பீடத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. 2025 செப்டெம்பரில், 92 வயதில் அவர் காலமானார்.

சரி, எழும்பிப் போன பெரியவரிடம் வருவோம். அவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருசம் என்றால் உங்கள் மத்தியஸ்தர், பெற்றோல் இல்லாமல் கிடந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்திலும் சைக்கிள் மிதித்து மைதானத்துக்கு வந்திருப்பார். நான் சின்ன வயதில் பார்த்த மத்தியஸ்தர் ஒருவரின் விசில் இன்னும் கண்ணில் நிற்கிறது. கறுப்புச் சப்பாத்து நாடாவில் கட்டியது, வாய் வைக்கிற இடமெல்லாம் பல் பதிந்திருக்கும். எல்லைக்கோட்டில் நிற்கிற சனம் ஏச ஏச அதைக் கடித்துக்கொண்டே ஓடுவார். தாய் தகப்பனை இழுத்து ஏசுவார்கள். திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த மாதிரி ஏச்சுகளைக் கேட்ட பெரியவரின் காதுக்கு, மேடையில் எழும்பிய சிரிப்பும் அதே மாதிரித்தான் கேட்டிருக்கும். உங்கள் மத்தியஸ்தருக்கு அப்படிக் கேட்கவில்லை. நாற்பது வருசத்தில் முதல் தடவையாகச் சனம் தன்னோடு சேர்ந்து சிரிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணீர் அதற்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

அவர் நொண்டுவதை ஒருவன் நடித்துக் காட்டியிருந்தாலோ, ஏதோ ஒரு இறுதியாட்டத்தில் அவர் கொடுத்த தண்டனை உதையைக் கிளறியிருந்தாலோ, நானும் பெரியவரோடு எழும்பியிருப்பேன். அது நக்கல். உங்கள் பொடியளின் அட்டை விழுந்தது நீட்டிப் பேசிய தலைவருக்கு.

ஒரே ஒரு குறை. அவர் பேசவில்லை. பகிடி பண்ணப்பட்டவர் திருப்பி அடிக்க இடம் கொடுக்காமல் ஆட்டத்தை முடிக்கக்கூடாது. இந்த ஞாயிறு பொடியளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். பெட்டிக்குள் எவன் ஆரும் தொடாமலே விழுகிறவன், எவன் காலை நீட்டிவிட்டுக் கையைத் தூக்குகிறவன், எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். ஒவ்வொருவனாகப் பிடிக்கட்டும். அந்தப் பெரியவரையும் மறக்காமல் கூட்டிப் போங்கள், முன்னுக்கு இருத்துங்கள். அப்புறம் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.